பொன்தூவி மரமும் பெஞ்சுக்காரர் மூக்கும்

பூங்கா வாரியம் எதற்கு இருக்கிறது என்று கேட்டால், பூங்காக்களைப் பராமரிக்க என்று பளிச்சென்று பதில் சொல்லிவிடுவீர்கள். நீங்கள் வெளியாள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பூங்காக்களை மக்களிடமிருந்து காப்பாற்றத்தான் வாரியம் இருந்தது. ஜனங்கள் இருக்கிறார்களே, விட்டால் புல்லில் உட்காருவார்கள், மரத்தில் சாய்வார்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்து ஓடவிடுவார்கள். இத்தனை அட்டூழியத்தையும் தடுக்க மூன்று மாடிக் கட்டடமும் அதற்குள் தலைவர், செயலாளர், மருத்துவர் என்று ஒரு படையும் வேண்டியிருந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், பெஞ்சுப் பிரிவு. ஊர்ப் பூங்காக்களில் கிடக்கும் பெஞ்சுகளுக்கெல்லாம் அந்தப் பிரிவுதான் பொறுப்பு. பிரிவு மொத்தமும் ஒரே ஆள்தான். எதற்குக் கால் ஆடுகிறது, எதில் ஆணி துருத்திக்கொண்டு துணியைக் கிழிக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. பெஞ்சுக்காரர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். தான் உண்டு, தன் பெஞ்சு உண்டு என்று கிடந்த மனுஷர். மூக்கு மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் அப்படியே கிடந்து ஓய்வும் பெற்றிருப்பார்.

மூக்கைக் கெடுத்தது தலைவர் கொண்டுவந்த மரம். எங்கேயோ பயணம் போன இடத்தில் அந்த மரத்தைப் பார்த்துச் சொக்கிப்போன தலைவர், அதற்குப் ‘பொன்தூவி’ என்று தானே பெயர் வைத்து, வாரிய வளாகம் பூராவும், அப்புறம் ஊர்ப் பூங்காக்களிலும் தெருக்களிலும் நட்டுத் தள்ளினார். பூக்கிற பருவம் வந்துவிட்டால் போதும், கிளையை யாரோ பிடித்து உலுக்குவது போல மஞ்சள் தூள் கொட்டும். மேசைமேல் மஞ்சள், நாற்காலிமேல் மஞ்சள், டீயில் ஆடைக்குப் பதிலாக மஞ்சள். ஜன்னலைச் சாத்தலாம் என்றால் அதற்கும் தடை. வாரியத்தின் பெருமையை வாரியமே கதவைச் சாத்தி மறைக்கலாமா?

அந்த வருஷம் மரவிழா வந்தது. ஊழியர்கள் அத்தனை பேரும் மரத்தடியில் வரிசையாக நிற்க, தலைவர் மேடையேறினார்.

“அன்பர்களே! இது தூள் அல்ல, பொன்! நம்மேல் உதிர்வது மகரந்தம் அல்ல, மகத்துவம்! இந்த மரத்தை நட்டது நான். வளர்த்தது மண். ஆனால் மண்ணைத் தேர்ந்தெடுத்ததும் நான்!”

முன்வரிசையில் நின்ற பெஞ்சுக்காரருக்குக் கண்கள் இரண்டும் குளமாகி, பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. கைக்குட்டை நனைந்து, சட்டைக் கையும் நனைந்தது. மேடையிலிருந்து தலைவர் பார்த்துவிட்டார். பேச்சை நிறுத்தினார்.

“பாருங்கள், இந்த மனிதரைப் பாருங்கள்! ஒரு மரத்துக்காக அழுகிறார். நான் பேசிப் பேசி இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அழுததில்லை.”

அதோடு நின்றிருந்தால் பெஞ்சுக்காரர் அன்றைக்கே பெரிய ஆளாகியிருப்பார். ஆனால் தலைவர் அவரைக் கட்டித் தழுவ இறங்கி வந்தாரா, சட்டையெல்லாம் மஞ்சள் தூள். அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் மூக்கு என்ன செய்யும்? தன் கடமையைச் செய்தது. ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாத தும்மல். தலைவரின் கண்ணாடி தெறித்துப் போய்ச் செடிக்குள் விழுந்தது. விழா முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது: பெஞ்சுக்காரர் உடனடியாக வாரிய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவர் அறையில் ஜன்னல் திறந்திருந்தது. மருத்துவர் மூக்கு தக்காளி மாதிரி இருந்தது. மேசைமேல் கசங்கிய காகிதக் கைக்குட்டைகள் குன்றாகக் குவிந்திருந்தன.

“என்ன செய்யுது?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

“தும்மல் டாக்டர். கண்ணெல்லாம் அரிக்குது. அந்த மரம் பூத்ததுலேர்ந்துதான்…”

“ஷ்ஷ்!” மருத்துவர் பதறிப்போய் வாசலைப் பார்த்தார். “மரம்னு வாயில வரக் கூடாது. அது வாரிய மரம். வாரியம் நட்ட மரம் வாரிய ஊழியருக்கு ஒத்துக்காமப் போறதுக்கு விதியில இடமில்ல.”

“அப்ப எனக்கு என்னதான் டாக்டர்?”

“மரப்பற்று.”

“அப்படின்னா?”

“மரத்துமேல இருக்கற பாசம் உடம்புக்குள்ள தாங்க முடியாமப் போயி, கண்ணு வழியாவும் மூக்கு வழியாவும் பொங்கறது. பூக்கற பருவத்துல அதிகமா இருக்கும்.” சொல்லி முடிப்பதற்குள் மருத்துவர் தானே ஒரு தும்மல் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கும் இருக்கு. பாசம் யாரை விட்டுது, சொல்லுங்க.”

மருத்துவர் அலமாரியைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். பழைய காலத்து மாத்திரை. கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததால் வாரியத்தில் யாருக்கு என்ன மரப்பற்று வந்தாலும் அதுதான்.

“இதுக்குப் பக்க விளைவு ஏதாவது உண்டா டாக்டர்?”

“வாய் வறளும். பசிக்கும். தூக்கம் கண்ணைச் சுத்தும்.”

“வேலை நேரத்துல தூக்கம் வந்தா?”

மருத்துவர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். “நீங்க எந்த வாரியத்துல வேலை பாக்கறீங்க?”

மறுநாள் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார் பெஞ்சுக்காரர். தும்மல் நின்றது. அப்பாடா என்று உட்காருவதற்குள் உலகமே பஞ்சுக்குள் போய்விட்டது. யாரோ பேசுவது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கென்று பார்த்து எல்லாப் பிரிவுகளுக்குமான கூட்டம்.

இங்கே வாரியத்தின் தலையசைப்பு விதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்னொரு காலத்தில் வாரியக் கூட்டங்களில் எல்லாரும் பேசினார்களாம். பேச்சு முற்றி, ஒரு தடவை பூந்தொட்டி பறந்துவிட்டது. அப்போதுதான் புதிதாக வந்திருந்த செயலாளர் ஒரு விதி கொண்டுவந்தார். தீர்மானத்தை அவர் படிப்பார். உறுப்பினர்கள் வாயைத் திறக்கக் கூடாது. சம்மதம் என்றால் தலையை மேலும் கீழும் அசைக்க வேண்டும். அசைந்ததா, நிறைவேறியது. அன்றிலிருந்து கூட்டங்களில் சத்தம் இல்லை, பூந்தொட்டி சேதம் இல்லை. அந்த விதிக்காகச் செயலாளருக்கு வாரியம் ஒரு பூந்தொட்டியே பரிசளித்திருந்தது.

பெஞ்சுக்காரர் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தார். செயலாளர் படிக்க ஆரம்பித்தார். கண் சொருகியது. தலை மெல்லக் கீழே போனது. சட்டென்று நிமிர்ந்தது. மறுபடி போனது. மறுபடி நிமிர்ந்தது. சரியான பூம்பூம் மாடு. படித்தவை அத்தனையும் அவருக்குச் சம்மதமாகிவிட்டன. ஒரு தீர்மானத்துக்கு எல்லாரும் ஒரு தடவை தலையசைத்தால் இவர் நாலைந்து தடவை அசைத்தார்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

“உங்களப் பத்தி என்னென்னமோ நெனச்சிட்டேன். உங்கள மாதிரி முழுமனசா தலையசைக்கற ஆளைப் பாத்ததே இல்லன்னு செயலாளர் சொன்னாரு. நீங்க என்ன நெனைக்கறீங்க, சொல்லுங்க.”

பெஞ்சுக்காரர் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வறண்டுபோன வாயில் நாக்கு அசையவே இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

“அடேயப்பா! என்ன அடக்கம்!” என்றார் தலைவர்.

அப்புறம் நடந்ததெல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. மாடிப்படிக்கு அடியிலிருந்தவரை மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். மரநடுகைக் குழுவில் உறுப்பினராக்கினார்கள். கை வைத்த நாற்காலி கொடுத்தார்கள். மாத்திரை தந்த பசியில் கூட்டத்து பிஸ்கட் தட்டைக் காலி செய்ததைக்கூட, வாரியம் கொடுப்பதை வீணாக்காத மனிதர் என்று பாராட்டினார்கள். பருவம் பாதி போவதற்குள் அவர் தலையை ஆட்டி நிறைவேற்றியவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நடைபாதையில் நடக்கத் தடை. நீரூற்றில் தண்ணீர் நனைத்துவிடும் என்பதால் தண்ணீரில்லாத நீரூற்று. ஊர் முழுக்க உள்ள பெஞ்சுகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடுவது. புல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தானே உட்காரத் தோன்றும்?

கடைசித் தீர்மானம் நிறைவேறிய செய்தியைக் கேட்டபோது பெஞ்சுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என் பெஞ்சா? சுவத்தைப் பாத்தா? எந்தக் கிறுக்கன் இதுக்குத் தலையாட்டினான்?” என்று கத்தினார். நீங்கள்தான் என்று சொன்னார்கள்.

அதையாவது பொறுத்துக்கொண்டார். அடுத்ததுதான் வயிற்றில் நெருப்பைக் கட்டியது.

அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரி. பிறந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் தொட்டிலை எட்டிப் பார்த்து, “மூக்கும் முழியும் அப்படியே அப்பா” என்று கொஞ்சினார்கள். மூக்கின் உள்பக்கமும் அப்படியே என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பருவம் வந்தால் அப்பாவும் மகளும் மாறி மாறித் தும்முவார்கள். வீட்டில் அம்மாவின் ராஜ்யம். வாசலிலேயே துணியை உதற வேண்டும், உள்ளே வந்ததும் முகமும் தலையும் கழுவ வேண்டும், ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடக்கும், ஈரத்துணி கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கும். அவள் ஒரு தையல்கடை வைத்திருந்தாள். ஊசியைவிட வாய் கூர்மை.

அத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவிலும் மகளுக்கு ஒரு திறந்தவெளி இருந்தது. ஊர் விளையாட்டுத் திடல். ஒரு பொன்தூவிகூட இல்லாத இடம். தினமும் சாயங்காலம் அங்கேதான் ஓடிப் பழகுவாள். பள்ளிகளுக்கு நடுவேயான ஓட்டப்பந்தயமும் அங்கேதான், இன்னும் கொஞ்ச நாளில்.

அன்றைக்குத் திடலிலிருந்து வந்தவள் துணியை உதறவில்லை, முகம் கழுவவில்லை. நேரே அப்பா முன்னால் வந்து நின்றாள்.

“திடலைச் சுத்திப் பொன்தூவி வைக்கப் போறாங்களாம். பூத்து நிக்கற பெரிய மரமாவே கொண்டுவந்து வைக்கறாங்களாம். போர்டு வச்சிருக்காங்க. குழு உறுப்பினர்னு உங்களையும் போட்டிருக்கு.”

பெஞ்சுக்காரர் பேந்தப் பேந்த முழித்தார்.

“நீங்க தலையாட்டினீங்களாப்பா?”

“தூங்கிட்டேன் கண்ணு. மாத்திரை…”

“தூங்கறவங்க தலையாட்டுவாங்களா?”

“உங்கப்பா தூங்கறப்பத்தான்டி ஒழுங்கா தலையாட்டுவாரு,” என்று கூடத்து ஈரத்துணிக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “முழிச்சிருக்கறப்ப நான் சொல்றதுக்கு ஒரு தடவை ஆட்டச் சொல்லு, பாக்கலாம்.”

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அந்தத் திடல் ஒண்ணுலதான்ப்பா என் மூக்கு என் பேச்சைக் கேக்குது. அங்கேயும் வச்சிட்டா நான் எங்க ஓடுவேன்?” என்றாள். குரல் உடைந்தது. “இனிமே இந்த வீட்டுல தலையாட்டற வேலையே வேண்டாம். எதுன்னாலும் வாயைத் தொறந்து சொல்லுங்க.”

பெஞ்சுக்காரருக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை மரப்பற்று இல்லை, நிஜ அழுகை. பெற்ற பிள்ளையின் மூச்சை விற்றுவிட்டு பிஸ்கட் தின்றிருக்கிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சரி என்று தலையாட்டப் போனவர், சட்டென்று நிறுத்திக்கொண்டு, “சரி கண்ணு. நான் தடுக்கறேன்” என்று வாயால் சொன்னார்.

மறுநாள் செயலாளர் அறைக்குப் போனார். செயலாளருக்குப் பிறந்ததிலிருந்தே மூக்கில் எதுவும் ஏறாது. மல்லிகையும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். வாரியத்தில் மூக்குச் சிவக்காத ஒரே மனிதர் அவர்.

“குழு ஒத்துக்கிட்டதோட முடிஞ்சிடலையே சார்? பெரிய கூட்டத்துல கடைசித் தடவை படிப்பீங்க இல்ல? நான் எதிர்ப்புத் தெரிவிக்கணும்.”

“தாராளமா தெரிவிக்கலாம். விதியிலயே இருக்கு. தலையை இடமும் வலமும் அசைக்கணும்.”

“அசைச்சா நின்னுடுமா?”

செயலாளர் பூந்தொட்டியைத் துணியால் துடைத்தபடி யோசித்தார். “இதுவரைக்கும் ரெண்டு பேரு அப்படி அசைச்சிருக்காங்க. ஒருத்தரு, தீர்மானத்தோட அழகுல மயங்கித் தலையை ஆட்டினாருன்னு எழுதிக்கிட்டோம். கச்சேரியில ஆட்டறாங்களே, அந்த மாதிரி. இன்னொருத்தரு நிறுத்தாம ஆட்டினாரு. கழுத்துச் சுளுக்குன்னு டாக்டர்கிட்ட அனுப்பிட்டோம். பாவம், இன்னும் கழுத்துல பட்டை போட்டிருக்காரு.”

“அப்ப வாயால வேண்டாம்னு சொன்னா?”

“வாயால சொல்றது எதிர்ப்பு ஆகாது சார். கடைசியில ‘இதர விஷயங்கள்’னு ஒண்ணு வரும். அதுல உறுப்பினரு வாயைத் தொறந்து சொன்னா அது முன்மொழிவு. அதுக்கும் மத்தவங்க எல்லாம் தலையசைக்கணும். அசைச்சா அதுக்கு முன்னாடி நிறைவேறினதுகூட ரத்தாயிடும். ஆனா இதர விஷயங்கள்ல யாரும் பேசி நான் கேட்டதே இல்ல.”

“ஏன் சார்?”

“தெரியல. எல்லாரும் அவ்வளவு ஆழமா யோசிச்சிட்டிருப்பாங்க.”

பெஞ்சுக்காரர் ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தார். பெரிய கூட்டத்தன்று மாத்திரையைத் தொடவில்லை. மனைவி மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சை அடைத்து, தைலம் தடவிய கைக்குட்டையைச் சட்டைப்பையில் திணித்து, “தும்மல் வந்தா நாக்கைக் கடிச்சுக்கங்க. அதுக்கும் அடங்கலைன்னா உங்க தலைவரைக் கடிங்க” என்று வழியனுப்பினாள்.

மூன்றாம் மாடிக் கூட்ட அறை. ஜன்னல்கள் விரியத் திறந்து கிடந்தன. வெளியே பொன்தூவிகள் உச்சத்தில் பூத்து நின்றன. பெஞ்சுக்காரர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு தன் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். கூட்டத்தில் கண்ணை மூடி யோசிக்கிற வழக்கமுள்ளவர் அவர். அந்த யோசனையின் ஆழத்தைப் பற்றி வாரியத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

அந்த அறையில் பெஞ்சுக்காரர் முழித்துக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்தவருக்கு வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாது.

எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு அதிகாரி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் பொறியாளர் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மருத்துவர், உதடு பிதுங்க, குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் பட்டை போட்டவர் பட்டையிலேயே தாடையை வைத்து சௌகரியமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மேசைக்குத் தலைமாட்டில் தலைவர், கறுப்புக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கி வந்திருக்க, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் அதே மாத்திரை அட்டை. அத்தனை தலைகளும் மெல்லப் போய், சட்டென்று நிமிர்ந்தன. போய், நிமிர்ந்தன. செயலாளர் ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கிப் பார்த்து, “ஏகமனதாக” என்று எழுதிக்கொண்டு போனார்.

அட பாவிகளா! இந்த ஊரைத் தூக்கத்தில் ஆண்டுகொண்டிருக்கிறீர்களா? பெஞ்சுக்காரருக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வந்தவை சும்மா வரவில்லை, மூக்கைக் கிளறிவிட்டன. நாக்கைக் கடித்தார். பிரயோஜனமில்லை.

“ஊர் விளையாட்டுத் திடலைச் சுற்றிப் பொன்தூவி நடுவது,” என்று செயலாளர் படித்தார்.

பெஞ்சுக்காரர் இடமும் வலமும் ஆட்டுவதற்காகத் தலையை எடுத்தார். அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? இரண்டு பஞ்சும் குண்டு மாதிரி பறந்தன. “அச்ச்சூ!” என்ற வேகத்தில் நெற்றி போய் மேசையில் மோதித் திரும்பியது.

செயலாளர் நெகிழ்ந்துபோனார். “இவ்வளவு உற்சாகமான சம்மதத்தை நான் பாத்ததில்ல,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “ஏகமனதாக.”

பெஞ்சுக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். முழித்திருந்தும் தலையாட்டியாயிற்று. வீட்டுக்குப் போய் மகள் முகத்தில் எப்படி முழிப்பது? அவள் கேட்பாள், நான் தும்மினேன் என்று சொல்வதா? போன தடவை தூங்கினேன், இந்தத் தடவை தும்மினேன். கேட்கிறவள் காறித் துப்ப மாட்டாளா?

“இதர விஷயங்கள்,” என்று செயலாளர் படித்துவிட்டு, வழக்கம்போல ‘யாரும் பேசவில்லை’ என்று எழுதுவதற்குப் பேனாவைத் தாளில் வைத்தார்.

மகள் சொன்னது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து சொல்லுங்கள். பெஞ்சுக்காரர் எழுந்தார். கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டார்.

“நான் ஒண்ணு முன்மொழியறேன்.”

செயலாளரின் பேனா நழுவி விழுந்தது.

“விளையாட்டுத் திடல்ல பொன்தூவி நடக் கூடாது. நெழல் தர்ற, தூள் கொட்டாத மரம் நடணும்.”

ஜன்னல் வழியாக மஞ்சள் தூள் உள்ளே மிதந்து வந்தது. கணக்கு அதிகாரியின் தலை போனது, நிமிர்ந்தது. பொறியாளர் அம்மாவின் தலை போனது, நிமிர்ந்தது. மருத்துவர், பட்டைக்காரர், மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக. கடைசியில் தலைவரின் தலை நன்றாகத் தாழ்ந்து, தாடை நெஞ்சைத் தொட்டு, விருட்டென்று நிமிர்ந்தது.

செயலாளர் பெஞ்சுக்காரரைப் பார்த்தார். தலைகளைப் பார்த்தார். மறுபடி பெஞ்சுக்காரரைப் பார்த்தார். விதி அவர் எழுதிய விதி. மேசைக்கடியில் குனிந்து பேனாவை எடுத்து, “ஏகமனதாக” என்று எழுதினார்.

ருசி கண்டுவிட்டால் விடுமா? “பெஞ்செல்லாம் பழையபடி புல்லைப் பாத்துத் திரும்பணும்,” என்றார் பெஞ்சுக்காரர்.

தலைகள் அசைந்தன.

“புல்லுல ஜனங்க உக்காரலாம். நடைபாதையில நடக்கலாம்.”

அசைந்தன.

“நீரூத்துல தண்ணி விடணும். வாரியத்துல யாருக்காவது தும்மல் வந்தா, அது மரத்தாலதான்னு டாக்டர் சொல்லலாம்.”

மருத்துவர் குறட்டைக்கு நடுவிலேயே பலமாக அசைத்தார்.

“பூக்கற பருவத்துல ஜன்னலைச் சாத்தணும்.”

“போதும் சார்,” என்று செயலாளர் கிசுகிசுத்தார். எழுதி எழுதி அவர் நெற்றி வேர்த்திருந்தது. “முழிச்சுக்கப் போறாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, டீ வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு உள்ளே வந்தது. கூட்டம் முடிந்ததற்கு அதுதான் அடையாளம். எல்லாரும் பொறுப்பான முகத்தோடு கண்ணைத் திறந்தார்கள். தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “அருமையான விவாதம்” என்றார். பிறகு, என்னென்ன நிறைவேறியது என்று செயலாளர் காதோடு சொல்லச் சொல்ல, முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. நானா, நானா என்று கேட்டார். ஆமாம், தெளிவாக அசைத்தீர்கள் என்றார் செயலாளர்.

அசைக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் தூங்கினேன் என்று சொல்ல வேண்டும். தலைவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். எழுந்து நின்றார்.

“அன்பர்களே! இந்த மரத்தின் தூள் எத்தனை மூக்குகளை வதைத்தது என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாக இதை எதிர்த்து மனசுக்குள்ளேயே போராடினேன்! ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் மேலும் மேலும் பொன்தூவி நடத் தீர்மானம் நிறைவேறிக்கொண்டே இருந்தது. யார் நிறைவேற்றுகிறார்கள் என்று எனக்கே புரியவில்லை. இந்த வாரியத்தின் தலைவர் யார் என்று விசாரிக்கலாமா என்றுகூட நினைத்தேன்!”

பலத்த கைதட்டல். மருத்துவர் சுதந்திரமாக ஒரு தும்மல் போட்டு, “இது மரத்தாலதான்!” என்று அறிவித்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

வாரியம் பெஞ்சுக்காரரைச் சும்மா விட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த வார முடிவிலேயே அவர் மேசைக்கு ஒரு குற்றச்சாட்டு வந்தது. கூட்டம் நடந்த நேரம் முழுவதும் விழித்திருந்து, பிற உறுப்பினர்களின் ஆழ்ந்த சிந்தனைக்கு இடையூறு விளைவித்தார் என்று அதில் இருந்தது. அவர் மறுக்கவில்லை. முழித்திருந்தது உண்மைதானே? கை வைத்த நாற்காலி போயிற்று, மூன்றாம் மாடி போயிற்று, பிஸ்கட்டும் போயிற்று. பழையபடி மாடிப்படிக்கு அடியில் கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்ததும், அம்மாடி, பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. பெஞ்சுகளைத் திருப்பிப் போட ஆள் கூட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார்.

மனைவி அவரையும் மகளையும் வெளி டாக்டர் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டர் வாரிய மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, “இன்னுமா இதைப் போட்டுட்டு வேலைக்குப் போறீங்க?” என்று சிரித்துவிட்டு, அவ்வளவாகத் தூக்கம் வராத வேறொன்று எழுதிக்கொடுத்தார். ஜன்னல் சாத்துவதையும் தலை கழுவுவதையும் விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். மனைவி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், “நான் சொன்னேனா இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இவர் எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்து, “சொன்னே, சொன்னே” என்றார்.

பந்தய நாள் வந்தது. திடலைச் சுற்றிச் சும்மா வானம்தான், தூளில்லாத வெறும் வானம். பெஞ்சுக்காரர் ஓடுபாதையைப் பார்த்துப் போட்டிருந்த தன்னுடைய பெஞ்சு ஒன்றில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். விசில் ஊதியது. மகள் கிளம்பினாள். முதல் வளைவில் பின்னால் இருந்தாள், இரண்டாவது வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள், கடைசியில் வாயை மூடிக்கொண்டு, மூக்காலேயே மூச்சு விட்டுக்கொண்டு, காற்றாகப் போனாள். மனைவி பெஞ்சுமேல் ஏறி நின்று கத்திய கத்தலில் பக்கத்துக் குடும்பமே திரும்பிப் பார்த்தது. ஒருத்தி மட்டும் இவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். இரண்டாவது இடம்.

வியர்வையோடு ஓடிவந்து அப்பா முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. ஆனால் மூக்கு காய்ந்து கிடந்தது.

“பாத்தீங்களாப்பா?”

பெஞ்சுக்காரர், கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்ட, தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

“இது நெஜமா ஆட்டறீங்களா, மாத்திரை ஆட்டுதா?”

பெஞ்சுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, திடலின் மறுகோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, “பாத்தேன் கண்ணு! முழுசா முழிச்சிட்டிருந்து பாத்தேன்!” என்று கத்தினார்.